எண்பது வயது அரசியின் எண்ணெய் ஓவியம்

(சுங்கை ஊடாங்கில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)

1899ஆம் ஆண்டு வியன்னா ஓவியர் ஹைன்ரிக் ஃபொன் ஆங்கெலி, விக்டோரியா மகாராணியை எண்ணெய் வண்ணத்தில் எழுதினார். அரசிக்கு அப்போது வயது 80. கறுப்பு உடை. நரைத்த தலைமேல் வெள்ளை முக்காடு. தோளிலிருந்து மார்பைக் குறுக்காகக் கடந்து இறங்கும் கார்ட்டர் விருதின் நீலப்பட்டை. கன்னம் தளர்ந்திருக்கிறது, கண்ணிமை கனத்திருக்கிறது, வாயோரம் சற்றே கீழிறங்கியிருக்கிறது. அடுத்த ஆண்டே பெர்த்தா முல்லர் என்ற பெண் ஓவியர் அதை நகலெடுத்தார். இலண்டன் தேசிய உருவப்பட அரங்கின் தொகுப்பில் இருப்பது அந்த நகல்தான்.

மலாக்காவில் 1899இல் புழங்கிய ஒரு சென் காசைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு இந்தக் கிழவி தெரிந்திருக்க மாட்டார். காசில் இருந்தவர் இருபது வயது மதிக்கத்தக்க இளம்பெண். ஒரே அரசிக்கு ஒரே நேரத்தில் இரண்டு வயது. கையில் புழங்கியது இளமை, சுவரில் தொங்கியது முதுமை. இந்த இரட்டை முகமே இவ்வுரையின் பொருள். முதுமையை மறைக்காமல் எழுதிய ஓவியம் அரசியின் அதிகாரத்தைக் குறைக்கவில்லை, கூட்டிக் காட்டியது. கூட்ட முடிந்ததற்கு ஓவியரின் கைத்திறன் பாதிக் காரணம். முப்பத்தெட்டு ஆண்டுகள் மாறாமல் இருந்த கைம்பெண் கோலம் மறுபாதி. கீழ்வரும் ஏழு கூறுகளும் இந்த ஒரு கருத்தையே வெவ்வேறு பக்கத்திலிருந்து பார்க்கின்றன.

1. காசில் இருந்த இளம்பெண்

1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி மலாக்கா டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் வசம் வந்தது. 1867 ஏப்ரல் 1 முதல் பினாங்கு, சிங்கப்பூரோடு சேர்த்து நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பெயரில் இலண்டனின் நேரடி ஆட்சிக்குள் போனது. காசு அதற்கு முன்பே வந்துவிட்டது. 1845ஆம் ஆண்டு குறித்த கிழக்கிந்தியக் கம்பெனியின் செம்புச் சென்னிலேயே விக்டோரியாவின் இளமுகம் உண்டு. 1871, 1872ஆம் ஆண்டுகளிலிருந்து குடியேற்றங்களின் பெயரிலேயே காசு அடித்தார்கள்: செம்பில் கால் சென், அரை சென், ஒரு சென், வெள்ளியில் 5, 10, 20 சென். 1886இல் 50 சென்னும் சேர்ந்துகொண்டது. எல்லாவற்றிலும் இடப்பக்கம் பார்த்த தலை, பின்னால் முடிந்த கொண்டை, நெற்றிக்கு மேல் ஒரு பட்டம். 1901ஆம் ஆண்டு குறித்த காசு வரை இதில் மாற்றமில்லை. தபால் தலையிலும் அதே இளம் பக்கவாட்டு முகம். இந்திய ரூபாயிலும் 1862இல் வந்த முடிசூடிய உருவமே, அச்சில் சில்லறை வேறுபாடுகளோடு, 1901 வரை நீடித்தது.

பிரிட்டனுக்குள் நிலைமை வேறு. 1887 பொன்விழாவை ஒட்டி ஜோசப் எட்கர் போம் செதுக்கிய புதிய முகம் காசில் வந்தது. உச்சந்தலையில் ஒட்டவைத்ததுபோல் நின்ற சின்னக் கிரீடத்தைக் கண்டு ஊரே நகைத்தது. 1893இல் தாமஸ் பிராக் செதுக்கிய முக்காடிட்ட முதிய முகம் அதன் இடத்தைப் பிடித்தது. ஆக, இலண்டன் கடைக்காரருக்கு அரசி மூப்படைந்தார். மலாக்காக் கடைக்காரருக்கு மூப்படையவில்லை.

கைம்பெண்ணின் முதிய முகம் கீழ்த்திசையில் செல்லாது என்று அஞ்சி இப்படிச் செய்தார்கள் என எண்ண இடமில்லை. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் வெள்ளித் தாலர் அதற்குச் சாட்சி. கணவரை இழந்து முக்காடிட்ட முதிய மரியா தெரேசாவின் உருவம் பொறித்த அந்தக் காசு, 1780 என்ற ஆண்டுக் குறிப்போடு, அவர் இறந்து நூறாண்டு கழிந்த பின்னும் அடிக்கப்பட்டு அரேபியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மதிப்போடு புழங்கியது. ஆகவே காசின் விதி வயதைப் பற்றியதன்று, பழக்கத்தைப் பற்றியது. எழுதப் படிக்கத் தெரியாதவர் காசை அறிவது உருவத்தால். உருவம் மாறினால் காசின்மேல் ஐயம் வரும். அரசியை அங்கே இளமையில் நிறுத்தியது பெரும்பாலும் இந்தச் சந்தைக் கணக்குதான்.

ஓவியத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது. அது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவதில்லை. சுவரில் மாட்டியிருக்கிறது, பார்ப்பவர்தான் அதன் முன் வந்து நிற்கிறார்.

2. கறுப்பும் வெள்ளையும்

விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் 1861 டிசம்பர் 14 அன்று இறந்தார். அரசிக்கு அப்போது வயது 42. அன்று உடுத்திய கறுப்பை 1901 ஜனவரி 22 அன்று, தமது 81ஆம் வயதில், தாம் இறக்கும்வரை அவர் கைவிடவில்லை. துக்கக் காலம் இத்தனை மாதம் என்று அக்கால ஐரோப்பிய மேற்குடியில் வரையறை இருந்தது. அந்த வரையறையை அரசி ஒப்புக்கொள்ளவே இல்லை. தொடக்கத்தில் மக்கள் முன் வரவும் மறுத்தார். அதற்காக ஏச்சும் வாங்கினார். 1870இல் அவருக்கென்று ஒரு சின்ன வைரக் கிரீடம் செய்தார்கள். பெரிய கிரீடம் கனமானது, கைம்பெண் முக்காட்டின்மேல் உட்காராது. சின்னது முக்காட்டுக்கு மேல் அடங்கி நின்றது. கிரீடம்தான் முக்காட்டுக்கு ஏற்பத் தன்னைக் குறைத்துக்கொண்டது என்பது இங்கே கவனிக்க வேண்டிய செய்தி.

1887 பொன்விழா வழிபாட்டுக்குக் கிரீடம் அணிந்து வர வேண்டும் என்று அருகிலிருந்தவர்கள் கெஞ்சியும் அவர் தொப்பியோடுதான் போனார். 1897 ஜூன் 22 வைரவிழா நாளில் செயின்ட் பால் தேவாலயப் படிகளை ஏற அவரால் முடியவில்லை. வழிபாட்டையே தேவாலயத்துக்கு வெளியே, படிகளின் அடியில் நடத்தினார்கள்; அரசி வண்டியை விட்டு இறங்கவில்லை. மூட்டு வலியும் மங்கிய பார்வையும் ஒளிக்கக்கூடியவையாக இல்லை. ஒளிக்க அவரும் முயலவில்லை.

தமிழ்ப் பார்வையாளருக்கு இதில் ஓர் இடறல் உண்டு. அந்தக் காலத் தமிழ் வீடுகளில், குறிப்பாக மேல்சாதி வீடுகளில், தாலியறுத்த பெண் கல்யாணப் பந்தலின் முன்வரிசைக்கு வர மாட்டார்; வெள்ளைச் சேலை உடுத்தி, பொட்டும் பூவும் இன்றிப் பின்கட்டில் இருப்பார். அப்படிப்பட்ட சமூகத்தில் கைம்பெண் கோலத்து அரசிக்கு யூபிலி கொண்டாடினார்கள், வாழ்த்துப்பா அச்சிட்டார்கள், ஊர்வலம் விட்டார்கள். விசாகப்பட்டினத்து சமீன்தார் கஜபதி ராவ் 1887இல் சென்னைக்கு விக்டோரியா சிலை கொடுத்தார்; செதுக்கியவர் மேலே சொன்ன அதே போம். அரசியின் அமங்கலத்தைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. சொந்த வீட்டுக் கைம்பெண்ணைப் பின்கட்டில் வைத்தவர்களே கடல் கடந்த கைம்பெண்ணை நடுக்கூடத்தில் மாட்டினார்கள். அதிகாரம் இருக்குமிடத்தில் அமங்கலம் பேசப்படுவதில்லை என்ற உண்மையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று கிடைப்பது அரிது.

3. ஆங்கெலியின் கை

விக்டோரியாவின் இளமையை உலகுக்குத் தந்தவர் ஜெர்மானிய ஓவியர் ஃபிரான்ஸ் வின்டர்ஹால்டர். பட்டு பளபளக்கும், தோள் ஒளிரும், யாரையும் சற்றே அழகாக்கிவிடும் தூரிகை அவருடையது. 1859இல் அவர் எழுதிய அரசியின் முழு உருவப்படம் பேரரசெங்கும் நகலாகிப் போனது. 1873இல் வின்டர்ஹால்டர் இறந்தார். இரண்டாண்டு கழித்து, 1875இல், ஆங்கெலி இங்கிலாந்துக்கு வந்தார். அவர் 1840இல் ஹங்கேரியின் சொப்ரோனில் பிறந்தவர். வியன்னா, டூசல்டோர்ஃப், மியூனிக் நகரங்களில் பயின்றவர். 1876 முதல் வியன்னா அகாதெமியில் பேராசிரியர். பகட்டில்லாத, கொஞ்சம் வறண்ட கை என்று விமரிசகர்கள் சொல்வதுண்டு. அரசிக்கு அந்த வறட்சிதான் பிடித்தது. முகத்துதி இல்லாமல் உள்ளதை உள்ளபடி எழுதுகிறார் என்பதே அவருக்கு ஆங்கெலியிடம் கிடைத்த நிறைவு. கால் நூற்றாண்டுக் காலம் அவரையே திரும்பத் திரும்ப அழைத்தார். 1875, 1885, 1899 ஆகிய ஆண்டுகளின் படங்களை வரிசையாக வைத்தால் ஒரு பெண் மூப்படையும் ஒழுங்கைத் தேதியோடு காணலாம்.

முதிய முகத்தை எண்ணெயில் எழுதுவது இளமுகத்தை எழுதுவதைவிட எளிது என்ற எண்ணம் ஓவியம் பயில்வோரிடையே உண்டு. சுருக்கம் இருக்கிறது, பிடித்துக்கொள்ளக் கோடு இருக்கிறது என்பார்கள். அது பாதி உண்மை. கோட்டைக் கோடாகவே வரைந்தால் முகம் கீறல் விழுந்த மரப்பலகை ஆகிவிடும். தேர்ந்த ஓவியர் சுருக்கத்தை வரைவதில்லை. ஒளியும் நிழலும் சந்திக்கும் இடத்தில் நிறத்தின் வெப்பத்தை மாற்றுகிறார். ஈய வெள்ளை, மஞ்சள் காவி, கொஞ்சம் சிவப்பு சேர்ந்த கன்னத்தின் ஓரத்தில் சாம்பல் படர்ந்த ஒரு குளிர்நிறம் வரும்போது, தோல் எலும்பை விட்டுத் தளர்ந்திருப்பதைக் கண் உணர்ந்துகொள்கிறது. எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காய்வதால் இந்த இரு நிறங்களையும் ஈரத்திலேயே ஒன்றோடொன்று இழைத்துவிடலாம். நீர்வண்ணத்தில் இது எளிதில் வாய்க்காது.

உடையில் சிக்கல் வேறு வகையானது. எலும்புக் கரியிலிருந்து எடுக்கும் கறுப்பு மிக மெதுவாகக் காயும். ஈய வெள்ளையோ விரைவில் இறுகும். காயாத கறுப்பின் மேல் வெள்ளைச் சரிகை வேலையை வைத்தால் பிற்காலத்தில் மேல்தோல் வெடிக்கும். அதனால் கறுப்பைப் பல மெல்லிய படலங்களாகப் பூசி, காயவிட்டு, பிறகுதான் முக்காட்டின் பின்னல் வேலையைத் தொட வேண்டும். பின்னல் முழுவதையும் ஓவியர் எழுதுவதில்லை. ஓரத்தில் சில இடங்களில் கெட்டியான வெள்ளைப் புள்ளிகளை வைக்கிறார். மற்ற இடங்களில் கறுப்பின்மேல் வெள்ளையை வறண்ட தூரிகையால் தேய்த்துவிடுகிறார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் சல்லாத்துணி. மூக்கு தொடும் அருகில் போனால் வெறும் தீற்றல்.

இந்த ஏற்பாட்டின் பலன் ஒன்றுதான். உடல் முழுவதும் கறுப்பில் அமிழ்ந்துவிடுகிறது. அரசியின் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. வயதில் உடல் பெருத்திருந்தார். கறுப்பு அவை இரண்டையும் விழுங்கிவிடுகிறது. மேலே வெள்ளைக்குள் முகம் மட்டும் எஞ்சுகிறது. அதிகாரச் சின்னம் என்று படத்தில் இருப்பது கறுப்பைக் குறுக்கே வெட்டும் அந்த நீலப்பட்டைதான். வின்டர்ஹால்டர் செய்ததுபோல் திரைச்சீலை, தூண், செங்கோல் என்று அடுக்க வேண்டிய தேவை ஆங்கெலிக்கு இல்லாமல் போனது. துக்க உடையே அரசவை உடையின் வேலையைச் செய்தது.

இதே ஆங்கெலி 1890இல் அரசியின் இந்திய உதவியாளர் அப்துல் கரீமையும் எழுதினார். ஆக்ராவிலிருந்து 1887இல் வந்து, அரசிக்கு இந்துஸ்தானி கற்றுக்கொடுத்து ‘முன்ஷி’ ஆனவர் கரீம். அதுவரை இந்தியர் எவரையும் எழுதியிராத ஆங்கெலி மிகுந்த ஆர்வத்தோடு அந்தப் படத்தில் இறங்கினார் என்று அரசியே குறித்து வைத்திருக்கிறார்.

4. நகலின் ஆட்சி

அரசனின் எண்ணெய் ஓவியம் ஒன்றோடு நிற்பதில்லை. தூதரகம், ஆளுநர் மாளிகை, நீதிமன்றம், நகர மண்டபம் என்று கேட்கும் இடங்கள் பல. மூல ஓவியம் முடிந்ததும் அதைப் பார்த்துக் கையால் நகலெடுப்பதே சிலருக்குப் பிழைப்பாக இருந்தது. பெர்த்தா முல்லரின் 1900ஆம் ஆண்டுப் படம் அந்த மரபைச் சேர்ந்தது. நகலெடுப்பவர் அரசியின் முகத்தை ஆராய்வதில்லை, ஓவியத்தையே ஆராய்கிறார். அதனால் சுருக்கங்களின் எண்ணிக்கை பெரும்பாலும் குறையும். ஆயினும் ஆங்கெலி வகுத்த அடிப்படை அமைப்பு, அதாவது கறுப்பு, வெள்ளை, நீலம், நடுவில் முகம், கலைவதில்லை. மட்டமான நகலிலும் இது அரசி என்று அடையாளம் தெரிந்தது.

இந்த அமைப்பை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது காமிரா. இலண்டன் டௌனி நிறுவனம் 1893இல் எடுத்த நிழற்படம் ஒன்று 1897 வைரவிழாவின் அதிகாரப்பூர்வப் படமாயிற்று. அதற்குப் பதிப்புரிமை காக்கப்படவில்லை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று ஆனது. பிஸ்கட் டின், கோப்பை, நாட்காட்டி என்று எல்லாவற்றிலும் முக்காடிட்ட அரசி வந்தார். காசில் இல்லாத கிழவி டின்னில் வந்து சேர்ந்தார் என்று சொல்லலாம்.

5. வேறொரு கறுப்புடைத் தாய்

அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் விசுலர், இலண்டன் செல்சீ பகுதியில் தம் வீட்டில் 1871இல் தம் தாய் அன்னாவை எழுதினார். அன்னா 1804இல் பிறந்தவர். கணவரை 1849இல் இழந்தவர். கறுப்பு உடை, வெள்ளைத் தொப்பி, பக்கவாட்டு அமர்வு. பார்த்த மாத்திரத்தில் விக்டோரியாவின் உறவுக்காரர் போலத் தோன்றும். ஆனால் விசுலர் படத்துக்கு இட்ட தலைப்பில் சாம்பலும் கறுப்பும் சேர்ந்த அமைப்பு என்ற பொருள்தான் முதலில் நின்றது. தாய் என்பது பிறருக்குத் தேவையில்லாத செய்தி என்பது அவர் வாதம். 1872இல் இலண்டன் ராயல் அகாதெமி அதை மறுக்கப் பார்த்தது. மூத்த உறுப்பினர் வில்லியம் பாக்சால் பதவி விலகுவேன் என்று நின்றதால் மாட்டினார்கள். 1891இல் பிரெஞ்சு அரசு அதை 4,000 பிராங்குக்கு வாங்கியது. 1934இல் அமெரிக்கா அன்னையர் நாளுக்கென்று வெளியிட்ட 3 சென் தபால் தலையில் அந்தப் படத்தின் கீழ்ப்பகுதியை வெட்டி, ஒரு பூச்சாடியையும் சேர்த்தார்கள். விசுலர் உயிரோடு இருந்திருந்தால் வழக்குப் போட்டிருப்பார். வழக்காடுவதில் அவர் பேர்போனவர்.

இரு படங்களையும் அருகருகே வைத்தால் மையக் கருத்து தெளிவாகும். பெயரில்லாத கைம்பெண்ணை விசுலர் நிறங்களின் ஒழுங்காக்கினார். மக்கள் அவரை ‘எல்லாருடைய தாய்’ ஆக்கினார்கள். பெயருள்ள கைம்பெண்ணை ஆங்கெலி மனுசியாகவே விட்டுவைத்தார். பேரரசு அவரைத் தாய் என்று அழைத்துக்கொண்டது. இரண்டிலும் உடை ஒன்று. வேறுபாடு அந்த நீலப்பட்டையில் இருக்கிறது.

6. தெற்கே என்ன நடந்தது

தென்னகத்தில் எண்ணெய் வண்ணக் கை இல்லாமல் இல்லை. மதுரையிலிருந்து திருவிதாங்கூர் அரண்மனைக்குப் போன அழகிரி நாயுடு, பின்னர் இராமசாமி நாயக்கர் ஆகியோர் ரவிவர்மாவுக்கு முன்பே அங்கே பெயர் பெற்றவர்கள். 1848இல் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மாவுக்கு இராமசாமி நாயக்கர் நுட்பத்தைக் கற்றுத்தர மறுத்தார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை மறைவாக உதவினார். 1868இல் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பியரும் தாம் எழுதுவதைப் பார்க்க மட்டுமே விட்டார். 1893இல், அதாவது பிராக்கின் முதிய முகம் காசிலும் டௌனியின் நிழற்படம் கண்ணாடித் தட்டிலும் பதிந்த அதே ஆண்டில், ரவிவர்மாவின் பத்து ஓவியங்கள் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போயின. அவருக்குப் பேர் வாங்கித் தந்த பெண்கள் பெரும்பாலும் இளையவர்கள்: கூந்தல் முடிப்பவர், வீணை மீட்டுபவர், கணவன் வரவுக்குக் காத்திருப்பவர். அரச குடும்பத்து மூத்த பெண்களை அவர் எழுதியதுண்டு. ஆனால் 1894இல் தொடங்கிய அவருடைய அச்சகம் வீட்டுக்கு வீடு அனுப்பியது தெய்வங்களையும் இளம் நாயகிகளையும்தான். மூப்பு விலைபோகும் சரக்காக இருக்கவில்லை.

ஏழை முதியவரின் முகம் வேறொரு வழியில் எண்ணெய்க்குள் வந்தது. 1886இல் இலண்டனில் நடந்த குடியேற்ற, இந்தியக் கண்காட்சிக்கு ஆக்ரா சிறையிலிருந்து கைவினைஞர்கள் சிலரை அழைத்துப் போனார்கள். அவர்களை எழுதும்படி ருடோல்ஃப் ஸ்வொபோடா என்ற வியன்னா ஓவியரை அரசி பணித்தார். அவர்களில் ஒருவர் பக்‌ஷிராம் என்ற குயவர். வயது 102 என்று குறித்திருக்கிறார்கள். படம் பிடித்துப்போகவே அரசி அதே ஆண்டில் ஸ்வொபோடாவை இந்தியாவுக்கே அனுப்பினார். 1888 வரை அவர் அங்கே எளியவர்களின் முகங்களைச் சிறிய சட்டங்களில் எழுதினார். அவை ஆஸ்போர்ன் மாளிகையின் இந்திய மண்டபத்தை ஒட்டிய நடையில் தொங்குகின்றன. வேலைப்பாட்டில் அவற்றுள் சில ஆங்கெலியின் அரசியைவிட மேலானவை. பக்‌ஷிராமின் படமும் அப்படித்தான். இருந்தும் அரசி கேட்டது இந்தியாவின் பலவகை மக்களின் மாதிரி முகங்களை. அரசியின் முதுமை ஒரு ஆளின் முதுமை. குயவரின் முதுமை ஒரு இனத்துக்கு மாதிரி.

7. மலாக்காவில் எஞ்சியவை

நீரிணைக் குடியேற்றங்களில் முதிய பெண்ணின் உருவத்தை வீட்டில் மாட்டி வணங்கும் வழக்கம் அரசிக்காகக் காத்திருக்கவில்லை. அங்கேயே வேரூன்றிய சீனரான பாபா, நோன்யா குடும்பங்கள் முன்னோர் படத்தைக் கூடத்தில் வைத்தன. சீன மரபில் அப்படம் நேர்முகமாக இருக்கும்: நாற்காலியில் நிமிர்ந்த அமர்வு, இரு காதும் தெரிய வேண்டும், முகத்தில் நிழல் விழக்கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த நேர்முகத்தோடு ஐரோப்பிய எண்ணெய் வண்ணமும் நிழற்படமும் வந்து கலந்தன. ஆங்கெலியின் நிழல் விழுந்த முகத்தை அப்படி ஒரு வீட்டில் மாட்டினால் பாட்டியைப் பழித்ததாகவே கொள்வார்கள். துன் டான் செங் லாக் சாலையில் சான் குடும்பத்து வீடு 1985 முதல் பாபா நோன்யா அருங்காட்சியகமாக இருக்கிறது. மூதாதையருக்கு வீட்டில் எந்த இடம் ஒதுக்கப்பட்டது என்பதை அங்கே நேரில் காணலாம்.

மலாக்காவில் டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அதன் பின் பெருகிய தோட்டங்களுக்கு வந்த தமிழ்ப் பெண்களின் கையில் கூலியாக விழுந்த முதல் காசுகளில் அந்த இளம் அரசி இன்னும் இருந்தார். ஆட்சி மாறினாலும் பழைய காசு உடனே மறைவதில்லை. அப்பெண்களின் சொந்த முதுமை எண்ணெயில் பதியவில்லை. 1948இல் அவசரகாலம் தொடங்கியபின் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படத்தோடு கூடிய அடையாள அட்டை கட்டாயமானது. லயத்து வீட்டுப் பாட்டிமார் பலர் காமிரா முன் நின்றது அதற்காகத்தான். இறந்தபின் அந்தச் சின்னப் படத்தையே பெரிதாக்கி, சட்டமிட்டு, கண்ணாடியின்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை சாத்தினார்கள். கைம்பெண்ணாக இறந்தவரின் கண்ணாடியிலும் அந்தப் பொட்டு ஏறியது. உயிரோடு இருந்தபோது மறுத்ததைப் படத்துக்குக் கொடுப்பதில் எவருக்கும் தயக்கமில்லை. அரசியின் கைம்பெண் கோலத்தைக் கூடத்தில் மாட்டிய அதே மனப்போக்கு இதிலும் வேலை செய்கிறது.

அரசியின் நினைவு இந்த மண்ணில் எண்ணெயாக நிற்கவில்லை. கல்லாகவும் செங்கல்லாகவும் நிற்கிறது. கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடம் 1893இல் யூபிலி நிதியைக் கொண்டு எழுந்தது. அதன் தொடக்க அறங்காவலர்களுள் தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர். பினாங்கில் சியா சென் யோக் கொடுத்த மணிக்கூண்டின் உயரம் 60 அடி, ஆட்சியாண்டு ஒன்றுக்கு ஓரடி. அது முடிந்தது 1902இல், அரசி இறந்த பின். மலாக்கா டச்சு சதுக்கத்தில் மக்கள் பணத்தில் ஒரு நீரூற்று எழுந்தது. எண்ணெய் ஓவியத்துக்கு இந்தத் தட்பவெப்பம் பகை. ஈரக்காற்றில் துணித்திரை இழுபட்டுத் தளரும். பின்பக்கத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வார்னிஷ் மஞ்சளித்து நீலப்பட்டையைப் பச்சையாகக் காட்டும். பழைய படம் வீட்டில் வைத்திருப்போர் வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில், சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்றுப் புக ஒரு விரல் இடைவெளி விட்டு, வெயிலும் சாமி விளக்கின் புகையும் படாத இடத்தில் மாட்டுவது நல்லது. ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. தூசியை மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும்.